கரட்டா, லீக்ஸா? ஒரே வரிசையில் நிற்காத எண்கள்

கணக்கு டீச்சர் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சங்கடத்தைத்தான் சொல்கின்றன. விலை தெரியாது, மழை தெரியாது, ஆனால் இரண்டில் ஒன்றை இப்போதே தேர்ந்தெடுத்தாக வேண்டும். அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கணக்குக் கொஞ்சம் வரும். பேனையும் தாளும் பக்கத்தில் இருக்கட்டும்.

டீச்சர், கந்தப்பளையில் அரை ஏக்கர் நிலத்தை ஒரு போகத்துக்குக் குத்தகைக்கு எடுத்திருக்கிறேன். கரட் போடுவதா, லீக்ஸ் போடுவதா என்று வீட்டில் தினமும் பேச்சு. கம்பஸில் படிக்கும் மச்சினன் ஃபஸி எண் என்று சொல்லி, இரண்டுக்கும் மும்மூன்று எண் எழுத வைத்தான். செலவும் அடகு வட்டியும் போகக் கையில் நிற்பது, ஆயிரம் ரூபாய்க் கணக்கில்: கரட் மோசமாகப் போனால் 60 நட்டம், வழமையாக 120 லாபம், நன்றாக வந்தால் 360. லீக்ஸ் 50, 130, 180. கரட்தான் என்கிறான் அவன். லீக்ஸ்தான் என்கிறாள் மனைவி. போகம் முடிய 60 கையில் இருந்தால்தான் வீட்டுச் செலவையும் பிள்ளைகளின் டியூஷனையும் சமாளிக்கலாம். யார் சொல்வது சரி?

தம்பி, இரண்டு பேருமே கணக்கில் பிழை விடவில்லை. இரண்டு பேரும் இரண்டு வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவுதான்.

மச்சினன் எழுத வைத்த மூன்று எண்களை முதலில் பார்ப்போம். 1965இல் அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த லொத்ஃபி சாதே ஒரு கட்டுரை எழுதினார். ஒரு பொருள் ஒரு கூட்டத்தைச் சேர்ந்தது, அல்லது சேராதது என்று இரண்டோடு நிறுத்தாமல், எவ்வளவு தூரம் சேரும் என்பதை 0க்கும் 1க்கும் நடுவே அளக்கலாம் என்றார். அதிலிருந்து வளர்ந்ததுதான் ஃபஸி எண். கரட்டில் 120 வரும் என்பதை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறீர்கள், ஆகவே 120க்கு மதிப்பு 1. 60 நட்டத்துக்குக் கீழேயும் 360க்கு மேலேயும் போகாது என்கிறீர்கள், அங்கே மதிப்பு 0. இடையில் உள்ள எண்களுக்கு நேர்கோட்டில் ஏறி இறங்கும் மதிப்பு. தாளில் வரைந்தால் மலை மாதிரி வரும். கரட் மலை அகலமானது. லீக்ஸ் மலை ஒடுக்கமானது, அதுவும் முழுக்க கரட் மலையின் அடிவாரத்துக்குள்ளேயே நிற்கிறது. பாதி உயரத்தில் குறுக்கே வெட்டிப் பாருங்கள். கரட் 30 முதல் 240 வரை, லீக்ஸ் 90 முதல் 155 வரை. உச்சிக்குக் கிட்டப் போகும்வரை இதே கதைதான்.

7, 9 என்றால் எது பெரியது என்று முதலாம் ஆண்டுப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஒன்றுக்குள் ஒன்று நிற்கும்போது எது பெரியது என்பதற்கு அப்படி ஒரு தானான பதில் கிடையாது. நாம்தான் ஒரு முறையைக் கொண்டுவந்து வரிசைப்படுத்த வேண்டும். எந்த முறையைக் கொண்டுவருகிறோமோ, அதற்குள் ஒருவருடைய துணிவோ பயமோ சேர்ந்தே வருகிறது. நான் இந்தப் பக்கம் முழுக்க வற்புறுத்தப்போவது இதைத்தான்.

உங்கள் மனைவி உச்சியைப் பார்த்தார். 130, 120ஐ விடப் பெரியது. லீக்ஸ். மச்சினன் பெரும்பாலும் மூன்று எண்ணையும் கூட்டி மூன்றால் வகுத்திருப்பான். முக்கோணத்தின் திணிவு மையம் அது. கரட்டுக்கு 420ஐ மூன்றால் வகுக்க 140, லீக்ஸுக்கு 360ஐ மூன்றால் வகுக்க 120. கரட். 1981இல் ரொனால்ட் யாகர் தந்த வழியில், ஒவ்வொரு உயரத்திலும் வெட்டி, வெட்டின் நடுப்புள்ளிகளையெல்லாம் சேர்த்துச் சராசரி எடுப்பார்கள். முக்கோணத்துக்கு அது நடு எண்ணை இரண்டு தரம் கூட்டி நான்கால் வகுப்பதாக முடியும். கரட் 135, லீக்ஸ் 122.5. மறுபடி கரட். இப்படிப் பார்த்தால் மச்சினன் பக்கம் இரண்டு வாக்கு விழுந்துவிட்டது. ஆனால் முறைகள் வாக்குப் போட்டுத் தீர்க்கிற விஷயம் இல்லை இது.

கரட்டின் 140 எங்கிருந்து வந்தது? அந்த 360இலிருந்து. கரட் கொழுத்த விலைக்குப் போகும் ஒரு போகத்தின் ஆசை, நட்டத்தின் மீது ஏறி நின்று சராசரியைத் தூக்கிப் பிடிக்கிறது. பணம் வைத்திருப்பவருக்கு இது நியாயமான கணக்கு. இந்தப் போகம் போனால் அடுத்த போகம் என்று அவர் பொறுத்திருப்பார். நகையை அடகுக் கடையில் வைத்தவருக்கு அடுத்த போகம் என்று ஒன்று கையில் இருக்கிறதா?

1992இல் லியூ, வாங் என்ற இருவர் தந்த முறை இந்த இடத்தில் எனக்கு மிகவும் பிடிக்கும். அது துணிவை ஒளித்து வைக்காமல் வெளியே எடுத்து எழுதச் சொல்கிறது. முழுக்க நல்லதையே எதிர்பார்ப்பவருக்குத் துணிவு 1, முழுக்கக் கெட்டதையே எதிர்பார்ப்பவருக்கு 0. மேல் எண்ணைத் துணிவால் பெருக்குங்கள். கீழ் எண்ணை, ஒன்றிலிருந்து துணிவைக் கழித்து வருவதால் பெருக்குங்கள். இரண்டையும் நடு எண்ணோடு கூட்டிப் பாதியாக்குங்கள். துணிவு 0 என்றால் கரட் 30, லீக்ஸ் 90. துணிவு 1 என்றால் கரட் 240, லீக்ஸ் 155. சரி பாதி, 0.5 என்றால் யாகருடைய அதே 135ம் 122.5ம் வரும். வரிசை எந்த இடத்தில் புரள்கிறது என்று தீர்த்துப் பார்த்தால் 0.41க்குக் கிட்ட. அதற்குக் கீழே லீக்ஸ், மேலே கரட். ஆக உங்கள் வீட்டுச் சண்டை கரட்டைப் பற்றியதும் இல்லை, லீக்ஸைப் பற்றியதும் இல்லை. மச்சினனுடைய துணிவு 0.41க்கு மேலே, உங்கள் மனைவியினுடையது கீழே.

அப்புறம், நீங்கள் கடைசியில் எழுதிய அந்த 60. அதைத்தான் நான் முதலில் வாசித்தேன். "60க்குக் கீழே போக எவ்வளவு இடம் இருக்கிறது" என்று இரண்டு மலைகளையும் கேளுங்கள். கரட் மலையின் இடது சரிவில் 60 என்ற இடத்தில் உயரம், 120ஐ 180ஆல் வகுக்க, 0.67. லீக்ஸ் மலையில் 10ஐ 80ஆல் வகுக்க, 0.125. தேவைக்குக் கீழே விழும் சாத்தியம் கரட்டில் மூன்றில் இரண்டு அளவுக்கு உயர்ந்து நிற்கிறது, லீக்ஸில் எட்டில் ஒன்றுதான். சராசரி எதையும் இதற்கு மேலே தூக்கி வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். இந்தப் போகத்துக்கு லீக்ஸ் போடுங்கள்.

கால் ஏக்கர் கரட், கால் ஏக்கர் லீக்ஸ் என்று பிரிப்பீர்களா என்றும் பார்த்தேன். பாதி பாதியாகக் கூட்டினால் மூன்று எண்களும் 5 நட்டம், 125, 270 என்று வரும். 60க்குக் கீழே விழும் சாத்தியம் 0.5. இந்தக் கூட்டல் இரண்டு பயிரும் ஒரே நேரத்தில் கெட்டுப்போகும் என்று வைத்துப் பார்க்கிற கூட்டல், அதனால் கொஞ்சம் பயந்த கணக்குத்தான். இருந்தாலும் அடகு மீளாத நிலையில் எனக்கு அது போதாது.

ஒரு எச்சரிக்கை. எல்லாமே அந்த மும்மூன்று எண்களின் மேல்தான் நிற்கிறது. நடு எண்ணைப் பலரும் சரியாகச் சொல்வார்கள். கீழ் எண்ணைச் சொல்லும்போதுதான் போன இரண்டு போகத்து ஞாபகம் வந்து கண்ணை மறைக்கும். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி நின்றது, நவம்பரில்தான் தடை நீங்கியது. அந்த வருடத்து வரவை ஒரு தடவை நினைத்துவிட்டு உங்கள் 50ஐ மறுபடி எழுதுங்கள். தை, மாசியில் நுவரெலியாப் பக்கம் விடியற்காலையில் பூப்போல விழுந்து இலையைக் கருக்கும் உறைபனியையும் நினையுங்கள். விலைக்கு, பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி ஏற்றிப் போகும் லொறிக்காரரைக் கேளுங்கள். தோட்டத்தில் நிற்பவர் நல்ல விலையைத்தான் ஞாபகம் வைத்திருப்பார். விலை போகாமல் திருப்பி ஏற்றிய மூட்டைகளை லொறிக்காரர்தான் ஞாபகம் வைத்திருப்பார். இன்னொன்று: லீக்ஸ் கரட்டைவிட அதிக நாள் நிலத்தில் கிடக்கும். குத்தகை முடியும் திகதிக்குள் இரண்டும் கிண்டி எடுக்க முடியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

0.67 சாத்தியம் என்றால் நூற்றுக்கு 67 வீதம் நடக்கும் என்பதுதானே? பழைய நிகழ்தகவுக்குப் புதுப் பெயர் வைத்திருக்கிறார்களா? (உயர்தர மாணவி, தலவாக்கலை)

இல்லை மகள். நிகழ்தகவு என்றால் எல்லாச் சாத்தியங்களையும் கூட்ட 1 வர வேண்டும். இங்கே அப்படி ஒரு கட்டுப்பாடு இல்லை. மேலே கரட் 60க்குக் கீழே போகும் சாத்தியம் 0.67 என்றேன். 60க்கு மேலே போகும் சாத்தியம் எவ்வளவு தெரியுமா? 1. உச்சியான 120 அந்தப் பக்கம்தானே இருக்கிறது. இரண்டையும் கூட்ட 1.67. நிகழ்தகவில் இது நடக்காது. சாத்தியம் என்பது "இதைத் தடுக்க என்னிடம் எவ்வளவு குறைவாகக் காரணம் இருக்கிறது" என்பதற்குக் கிட்டிய அளவு. தடுக்கக் காரணமே இல்லை என்றால் 1. பத்திருபது வருட விலைப் பட்டியல் கையில் இருந்தால் நிகழ்தகவையே போடுங்கள், நான் தடுக்க மாட்டேன். நான்கு பேருடைய வாய்ச்சொல் மட்டும் இருக்கும்போது அதை நிகழ்தகவு என்று எழுதுவது, இல்லாத தரவை இருப்பதாகக் காட்டுவது ஆகும்.

டீச்சர், பேராதனையில் இறுதியாண்டு. ஃபஸி எண்களை வரிசைப்படுத்தும் சில முறைகளை ஒப்பிட்டு ஆய்வுக் கட்டுரை எழுதுகிறேன். ஒரே தரவுக்கு முறைக்கு ஒரு வரிசை வருகிறது. எது சரியான முறை என்று முடிவுரையில் எழுதுவது? மேற்பார்வையாளர் "நீயே யோசி" என்று விட்டுவிட்டார்.

தம்பி, உங்கள் மேற்பார்வையாளர் நல்லதைத்தான் செய்திருக்கிறார். இந்தத் துறை 1970களிலிருந்து இந்தக் கேள்வியோடுதான் நடக்கிறது. 1985இலேயே போர்ட்டோலானும் டெகானியும் அதுவரை வந்த முறைகளை ஒன்றாக வைத்து, எளிமையான சோடிகளில்கூட அவை ஒத்துப்போகாததைக் காட்டினார்கள். அதற்குப் பிறகு முறைகள் குறையவில்லை, பெருகின. ஆகவே "இதுதான் சரி" என்று எழுதாதீர்கள். "இந்த முறை எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்கவே இல்லை" என்று ஒவ்வொன்றுக்கும் எழுதுங்கள். அதற்குக் கட்டுரை வாசிப்பதைவிட, முறையைக் கொஞ்சம் தொந்தரவு செய்து பார்ப்பது நல்லது.

செய்து காட்டுகிறேன். 1976இல் ரமேஷ் ஜெயின் தந்த முறை ஆரம்பகால முறைகளில் ஒன்று. எல்லாத் தெரிவுகளிலும் வரக்கூடிய ஆகப் பெரிய எண்ணை எடுத்து, 0 முதல் அதுவரை ஏறும் ஒரு கோட்டைப் போட்டு, ஒவ்வொரு மலையும் அந்தக் கோட்டை ஆகக் கூடியது எந்த உயரத்தில் சந்திக்கிறது என்று பார்ப்பது. கந்தப்பளைத் தம்பியின் எண்களில் ஆகப் பெரியது 360. நட்டப் பக்கத்தில் கோட்டின் மதிப்பை 0 என்று வைத்துக்கொள்ளுங்கள். கரட் கோட்டை 0.6இல் சந்திக்கும், லீக்ஸ் 0.44க்குக் கிட்ட. கரட் வெல்கிறது. இப்போது கரட்டின் கீழ் எண்ணை 60 நட்டத்திலிருந்து 600 நட்டத்துக்கு இறக்குங்கள். மறுபடி கணக்குப் போடுங்கள். அதே 0.6! ஏறும் கோடு மலையை ஆக உயரத்தில் சந்திப்பது வலது சரிவில்தான். இடது சரிவில் ஒரு குடும்பத்தின் நகை முழுதும் போனாலும் இந்த முறைக்குத் தெரியாது. இப்படி ஒரு சோதனை உங்கள் கட்டுரையில் இருந்தால் பத்து அட்டவணையைவிடப் பெறுமதி.

நட்டத்தைப் பற்றி இன்னொரு சோதனை. 1998இல் செங் என்பவர், திணிவு மையப் புள்ளிக்கும் பூச்சியத்துக்கும் உள்ள தூரத்தை வைத்து வரிசைப்படுத்தலாம் என்றார். தூரம் என்றால் வர்க்கித்துக் கூட்ட வேண்டும். வர்க்கித்தால் கழித்தல் குறி போய்விடும். 100 லாபமும் 100 நட்டமும் பூச்சியத்திலிருந்து ஒரே தூரம்! இந்தக் குறையை மற்றவர்கள் சுட்டிக்காட்டி, 2002இல் சூ, சாவோ இருவரும் தூரத்துக்குப் பதிலாக மையத்தின் இரண்டு ஆயங்களையும் பெருக்கிப் பரப்பை எடுக்கலாம் என்றார்கள். எல்லாமே லாபமாக இருக்கும் உதாரணங்களைக் கொண்டு மட்டும் ஒரு முறையைச் சோதித்தால் இது கண்ணில் படாது. விவசாயக் கணக்கை அதில் போட்டவுடன் படும்.

மூன்றாவதாக, (40, 100, 160) என்றொரு எண்ணையும் (80, 100, 120) என்றொரு எண்ணையும் எடுங்கள். உச்சி ஒன்று, திணிவு மையம் ஒன்று, யாகரும் ஒன்றே. 1988இல் லீ, லி இருவரும் சராசரி ஒத்துப்போனால் பரவல் குறைந்ததை மேலே வையுங்கள் என்றார்கள். நம் ஊர்க் குடும்பங்களுக்கு எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் அது கணிதத்திலிருந்து வந்த முடிவு இல்லை. ஏற்ற இறக்கத்தை விரும்பாத மனிதர் ஒருவர் சொல்லும் முடிவு. கட்டுரையில் அப்படியே எழுதுங்கள்.

முறைகளைத் தரம் பிரிக்க ஒரு அளவுகோல் வேண்டும் என்றால் 2001இல் வாங், கெரே இருவரும் எழுதிய நிபந்தனைகளைப் பாருங்கள். அ, ஆவைவிடப் பெரியது, ஆ, இயைவிடப் பெரியது என்றால் அ, இயைவிடப் பெரியதாக வர வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே எண்ணைக் கூட்டினால் வரிசை மாறக் கூடாது. பட்டியலில் மூன்றாவது ஒன்று புதிதாக வந்தால் முதல் இரண்டின் வரிசை புரளக் கூடாது. கேட்கும்போது இதெல்லாம் என்ன பெரிய நிபந்தனை என்று தோன்றும். எத்தனை முறைகள் இதில் விழுகின்றன என்று நீங்களே போட்டுப் பார்க்கும்போது தெரியும். ஜெயினுடைய கோடும் பட்டியலில் உள்ள ஆகப் பெரிய எண்ணை நம்பித்தான் ஏறுகிறது என்பதைக் கவனித்தீர்களா?

முடிவுரையில் ஒற்றை வரிசையைக் கொடுக்காதீர்கள். வரிசை எங்கே புரள்கிறது என்ற எண்ணைக் கொடுங்கள், கரட், லீக்ஸுக்கு 0.41 கிடைத்த மாதிரி. வரிசையைவிட அந்த எண் வாசிப்பவருக்குப் பயன்படும். துபோவா, பிராத் இருவரும் 1983இல் தந்த சாத்திய அளவுகளையும் சேர்த்துப் பாருங்கள். லீக்ஸ் கரட்டுக்குக் குறையாமல் வரும் சாத்தியம் 1, கரட் லீக்ஸுக்குக் குறையாமல் வரும் சாத்தியம் 0.97. இரண்டுக்கும் நடுவே 0.03தான். "இவற்றைப் பிரித்துச் சொல்ல முடியவில்லை" என்று நேர்மையாகச் சொல்லும் முறை அது. அப்படிச் சொல்லும் முறையைப் பலவீனமானது என்று தள்ளிவிடாதீர்கள்.

பசறைப் பக்கம் எங்களுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் தேயிலை இருக்கிறது டீச்சர். கொழுந்து எடுக்க இரண்டு லொறி வருகிறது. முதல் ஆள் கிலோவுக்கு விலை கூடத் தருவார், ஆனால் மழை நாளில் தண்ணீருக்கென்று நிறையக் கழிப்பார். மற்றவர் விலை கொஞ்சம் குறைவு, கழிவும் குறைவு. கழிவு போகக் கையில் வருவது முதல் ஆளிடம் 170, 200, 215. மற்றவரிடம் 185, 195, 200. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் 30 குறைவதிலிருந்து 30 கூடுவது வரை வருகிறது. இதை வைத்து எப்படி முடிவெடுப்பது?

அக்கா, நீங்கள் கழித்த விதம் புத்தகத்தில் உள்ள விதம்தான். முதல் ஆளின் ஆகக் குறைந்ததிலிருந்து மற்றவரின் ஆகக் கூடியதைக் கழித்து 30 குறைவு, மறுபக்கம் 215இலிருந்து 185ஐக் கழித்து 30 கூடுதல், நடுவில் 5. ஆனால் அந்தக் கழித்தல் என்ன சொல்கிறது என்று யோசித்தீர்களா? முதல் லொறிக்கு அடை மழை பெய்து, அதே நாளில் இரண்டாவது லொறிக்கு வெயில் அடித்தால் என்ன ஆகும் என்கிறது. இரண்டு லொறியும் ஒரே சந்தியில்தான் நிற்கின்றன. நனைந்த கொழுந்துப் பை தராசில் தொங்கும்போது நுனியிலிருந்து சொட்டும் தண்ணீர் இருவருக்கும் பொதுவானது.

ஃபஸி எண்களில் பலர் தவறவிடும் இடம் இது. ஒரு எண்ணிலிருந்து அதே எண்ணைக் கழித்துப் பாருங்கள். மேலே உள்ள லீக்ஸின் 50, 130, 180இலிருந்து அதையே கழித்தால் பூச்சியம் வர வேண்டும். புத்தகக் கழித்தலில் 130 குறைவதிலிருந்து 130 கூடுவது வரை வரும்! இரண்டும் ஒன்றையொன்று சாராதவை என்று அந்தக் கழித்தல் நம்புவதுதான் காரணம்.

உங்களுக்குச் செய்ய வேண்டியது இதுதான். கழித்துவிட்டு முக்கோணம் போடுங்கள், முக்கோணம் போட்டுவிட்டுக் கழிக்காதீர்கள். மழை மாதத்தில் முதல் ஆள் 170 தரும்போது மற்றவர் 185, வித்தியாசம் 15 குறைவு. சாதாரண மாதத்தில் 200க்கு 195, 5 கூடுதல். நல்ல வெயில் மாதத்தில் 215க்கு 200, 15 கூடுதல். 60 அகலமாக இருந்த சந்தேகம் 30ஆகச் சுருங்கிவிட்டது. அத்தோடு, அந்த 15 குறைவு எந்த மாதங்களில் வரும் என்பதும் உங்களுக்குத் தெரியும். உங்கள் பக்கம் ஆடி, ஆவணியில் வறட்சி, ஐப்பசியில் பிடிக்கும் மழை தை வரை இழுக்கும். கொழுந்து எடுத்த கிலோவை மாதவாரியாக ஒரு கொப்பியில் எழுதி, ஒவ்வொரு மாதத்து வித்தியாசத்தோடும் பெருக்கிக் கூட்டுங்கள். மழையில்தான் கொழுந்து கூட வரும் என்பதால் மழை மாத வித்தியாசத்துக்கு நிறை அதிகம். நடு எண்ணான 5ஐப் பார்த்து முதல் ஆளைத் தேர்ந்தெடுப்பது இந்த இடத்தில் உங்களை நட்டத்தில் விடலாம்.

மாதத்துக்கு ஒருவர் என்று மாறி மாறிக் கொடுக்கலாமே என்று தோன்றும். முற்பணமும் உரமும் கடனாக யாரிடம் வாங்கியிருக்கிறீர்கள் என்பதைக் கடிதத்தில் எழுதவில்லை. வாங்கியிருந்தால் அந்தக் கையைச் சுலபமாக விட முடியாது, அதையும் கணக்கில் சேருங்கள்.

எங்கள் தோட்டத்து இளைஞர் மன்றத்துக்குப் பொது மண்டபம் கட்ட இரண்டு இடம் பார்த்திருக்கிறோம். பாதை, தண்ணீர், எல்லா லயத்துக்கும் கிட்ட இருப்பது, மண்சரிவுப் பாதுகாப்பு என்று நான்கு விஷயம். "மிக நன்று, நன்று, சுமார், மோசம்" என்று எல்லோரிடமும் கேட்டு அதை எண்ணாக்கினோம். மேலே உள்ள இடம் 0.9, 0.9, 0.8, 0.3. கீழே உள்ள இடம் 0.6, 0.7, 0.6, 0.7. சராசரியில் மேலே உள்ள இடம் வெல்கிறது. சரிதானே? (கொட்டகலை)

சரியில்லை, பிள்ளைகளே.

சராசரி 0.725க்கு 0.65 என்று மேலே உள்ள இடத்தைத் தூக்குவது உண்மைதான். ஆனால் அந்தச் சராசரி, நல்ல பாதையைக் கொடுத்து மண்சரிவை வாங்கச் சொல்கிறது. பெல்மனும் சாதேயும் 1970இல், மங்கலான சூழலில் முடிவெடுப்பது பற்றி எழுதியபோதே வேறொரு வழியைத்தான் முதலில் வைத்தார்கள். இலக்குகளும் கட்டுப்பாடுகளும் எல்லாம் ஒன்றாக நிறைவேற வேண்டும் என்றால், ஒவ்வொரு தெரிவையும் அதன் ஆகக் குறைந்த மதிப்பால் அளக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் மேலே உள்ள இடம் 0.3, கீழே உள்ளது 0.6. வரிசை தலைகீழாகிவிட்டது.

நான் இன்னும் ஒரு படி போகிறேன். அந்த 0.3ஐ யார் போட்டது? மன்றத்தில் கைதூக்கிப் போட்டது. பாதை நல்லதா, தண்ணீர் கிட்டவா என்பதை அங்கே வாழும் நீங்கள் சொல்வதுதான் சரியான தரவு. மலை சரியுமா என்பதைக் கைதூக்கி அளக்க முடியாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்கடியில் போனதை நம் ஆட்கள் எவரும் மறந்திருக்க மாட்டோம். மண்சரிவை மற்ற மூன்றோடு ஒரே அட்டவணையில் போட்டதே பொருந்தாது. அதை வெளியே எடுத்து வாசலில் வையுங்கள். அதைத் தாண்டிய இடங்களை மட்டும் மற்ற மூன்றாலும் வரிசைப்படுத்துங்கள்.

பிரதேச செயலகம் வழியாகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு இரண்டு இடத்துக்கும் எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள், கிராம உத்தியோகத்தரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நிலத்தில் புதிதாக வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று ஏதாவது கண்டிருந்தால் இடத்தோடும் திகதியோடும் அதே கடிதத்தில் எழுதுங்கள். கீழே உள்ள இடத்துக்கும் 0.7 என்று நீங்கள் போட்டது ஊகம்தான், அதற்கும் அறிக்கை வர வேண்டும். இரண்டும் வந்த பிறகு எனக்கு எழுதுங்கள், மிச்ச மூன்றையும் சேர்ந்தே போட்டுப் பார்க்கலாம்.